சுவரைப் பார்த்து ஊதுங்க

மதிவதனிக்கு நின்ற இடத்திலேயே கனவு காணும் பழக்கம் உண்டு. ஸ்டெதஸ்கோப் நோயாளியின் முதுகில் இருக்கும், மனசு மட்டும் எங்கோ போய்விடும். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அதைக் கேட்டபடியே அவள் ஏதோ மரங்கள் அடர்ந்த ஊரில் நடந்து திரிந்துவிட்டு வருவாள். "நல்லா இழுத்து உடுங்க" என்று இரண்டு முறை சொல்ல வேண்டிய இடத்தில் ஆறு முறை சொல்வாள். நோயாளிகள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் புள்ளை எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறது என்று ஊருக்குப் போய்ப் பெருமையாகத்தான் சொன்னார்கள். உண்மை தெரிந்தவன் கூடப் படித்த ஆசிப் ஒருவன்தான். அவன் அவளுக்குத் தூங்குமூஞ்சி டாக்டர் என்று பேர் வைத்திருந்தான்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தோப்பு வேலைக்குப் போகிற குடும்பம் அவளுடையது. அப்பா மாசாணம் தேங்காய் உரிக்கிறவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தால், சின்னப் பெண் மதிவதனி எதிரே உட்கார்ந்து அவர் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாதான் தூங்கிவிட்டாரே, அப்புறம் யார் இந்த மூச்சை இழுத்து விடுகிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய சந்தேகம். ஒரு நாள் அவரையே எழுப்பிக் கேட்டாள். மாசாணம் கொஞ்ச நேரம் யோசித்து, "தெரியலையே கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனார். ஏழைப் பெண் படித்து மார்க் வாங்கி மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த கதையை நீங்கள் எல்லாப் பத்திரிகையிலும் படித்திருப்பீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சந்தேகம் அவளை விடவே இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்துத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவள் சேர்ந்த படிப்புக்கு ஊரில் யாருக்கும் சரியாகப் பேர் சொல்லத் தெரியாது. கோயமுத்தூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை புதிதாக ஆரம்பித்த படிப்பு அது. காலையில் வார்டில் டாக்டராக இருக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பின்கட்டு ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக மாற வேண்டும். நோயாளியைக் குணப்படுத்தவும் தெரிய வேண்டும், அந்த நோய் ஏன் வந்தது என்று கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும். ஐந்து வருஷம். சேர்ந்தது மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவன் ஆறே மாதத்தில் அரபு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மிஞ்சியது கோட்டைமேட்டு ஆசிபும் இவளும்தான். ஆசிப் எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவழைத்துக்கொண்டிருந்தான். எலிகள் அவனைத்தான் படாத பாடு படுத்தின.

"டாக்டருக்குப் படிச்சாச்சு. இன்னும் என்னங்க படிப்பு?" என்று தோப்புக்காரர் கேட்டதற்கு மாசாணம், "இது டாக்டருங்களுக்கே பாடம் சொல்ற படிப்புங்க" என்றாராம். மதிவதனிக்கு அதைக் கேட்டதும் வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டு மாடியில் அவளுக்கு அறை. சாயங்காலமானால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வரும். அந்தக் காற்று கடலில் கிளம்பி மலை இடுக்கு வழியாக நுழைந்து, இத்தனை தென்னை மரங்களைத் தாண்டி வந்து தன் மூக்குக்குள் போகிறதே என்று நினைத்தபடி மாடியில் நிற்பாள். கீழ் வீட்டு அம்மா துணி எடுக்க வந்து, "என்னம்மா, படிக்கலையா?" என்பார். படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவளால் விளக்க முடியாது.

அவளுடைய வழிகாட்டி டாக்டர் லட்சுமணசாமி நுரையீரல் நிபுணர். நல்ல மனுஷர், ஆனால் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். இரண்டு மருத்துவமனை, மூன்று கமிட்டி, நடுவில் ஒரு கார். காருக்கும் லிஃப்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் அவரிடம் பாடம் கேட்க முடியும். அப்படி ஒரு தரம் லிஃப்ட் வாசலில் நின்றுதான், ஈரோட்டு மஞ்சள் குடோனில் வேலை செய்கிற பெண்களின் நுரையீரலை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். பஞ்சாலைத் தூசியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மஞ்சள் தூசியைப் பற்றி யாருமே எழுதவில்லை. லிஃப்ட் கதவு மூடுவதற்குள் மதிவதனியின் ஆராய்ச்சி முடிவாகிவிட்டது.

தொண்ணூற்றைந்து மார்ச்சில் முதல் தடவையாக அந்தக் குடோனுக்குப் போனாள். பாசஞ்சர் ரயிலில் திருப்பூர் தாண்டி ஈரோடு, அங்கிருந்து ஆட்டோ. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஒரு மஞ்சள் உலகம் தெரிந்தது. கூரைத் தகட்டு ஓட்டைகள் வழியாக இறங்கிய வெயிலில் மஞ்சள் பொடி மிதந்தது, மேலே போனது, எதற்கும் அவசரமில்லாமல் திரும்பியது. அதற்குக் கீழே அறுபது எழுபது பெண்கள் உட்கார்ந்து விரலி மஞ்சளை ஒரு பக்கமும் கிழங்கு மஞ்சளை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சல்லடையில் சலித்தார்கள். அவர்கள் புருவம் மஞ்சள், கைரேகை மஞ்சள், கழுத்து மஞ்சள். தூசு என்று சொல்ல அவளுக்கு மனசே வரவில்லை. மண்டிக்காரர் சுப்பண்ணன் மூன்று தடவை "ஏனுங்க டாக்டரம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் இந்த லோகத்துக்குத் திரும்பினாள்.

அவள் கொண்டுபோன கருவி ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய். பீக் ஃப்ளோ மீட்டர் என்று பேர். மூச்சை முழுக்க இழுத்து, குழாயை வாயில் வைத்து, ஒரே ஊதாகப் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். நுரையீரல் நன்றாக இருந்தால் எண் பெரிதாக இருக்கும். மூன்று முறை ஊதச் சொல்லி, அதில் பெரிய எண்ணை எழுதிக்கொள்வாள்.

அந்தப் பெண்களை அவளுக்கு உடனே பிடித்துப்போனது. வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராசம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உருவம். இவள் வரும்போதெல்லாம் தன் சாக்கை உதறி விரித்து, "இப்படிக் குக்குங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கறீங்க" என்பாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "உங்க புண்ணியத்துல நெம்ப நல்லாருக்கறனுங்க" என்பாள். அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நஃபீசா நேர் எதிர். சல்லடையைச் சுழற்றிக்கொண்டே சத்தமாகச் சிரிப்பவள். ஆனால் குழாயைக் கையில் கொடுத்ததும் இருவரும் ஒரே மாதிரிதான். முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, முகத்தை அரைவாசி திருப்பி, குழந்தைக்கு ஆற வைக்கிற பாலை ஊதுகிற மாதிரி ஊதினார்கள். மற்றவர்களும் அப்படித்தான். மதிவதனி ஒவ்வொருத்திக்கும் எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து முள்ளைப் படித்தாள். "இன்னும் பலமா" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அதே மாதிரி ஊதினார்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்து அவள் மனசு குளிர்ந்தது. அவள் அம்மாவும் பெரியவர்கள் முன்னால் வாயில் கை வைத்துத்தான் பேசுவாள். வடக்கே இருந்து ஒருத்தி வந்து இந்த வேலையைச் செய்திருந்தால் முதல் நாளே, ஏன் இப்படி ஊதுகிறீர்கள் என்று கேட்டிருப்பாள். இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இவள் கண்ணுக்கு அது விசித்திரமாகப் படவே இல்லையே.

அறுபத்திரண்டு பெண்கள், மூன்று மாதம். ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவமனை நர்சுகள் அறுபது பேர். அவர்கள் தினமும் நோயாளிகளுக்கு ஊதிக் காட்டிப் பழகியவர்கள். போட்டி போட்டுக்கொண்டு ஊதித் தள்ளினார்கள். கணக்குப் போட்ட மதிவதனி, நம்ப முடியாமல் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள். நர்சுகளின் சராசரி முந்நூற்று நாற்பது. மஞ்சள் பெண்களின் சராசரி நூற்றுத் தொண்ணூறு.

லட்சுமணசாமி அன்றைக்கு அதிசயமாக உட்கார்ந்தார். தாளை இரண்டு தரம் படித்தார். "மதி, இது சாதாரண விஷயம் இல்லை. இத்தனை வருஷமா யார் கண்ணுக்கும் படாத ஒரு நோயை நீ கண்டுபிடிச்சிருக்கறே" என்றார்.

ஆகஸ்டில் மெட்ராஸ் மாநாட்டில் அந்தக் கட்டுரைக்கு முதல் பரிசு. ஒரு நாளிதழ் அவள் படத்தோடு, மஞ்சள் தூசியால் பாழாகும் நுரையீரல்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டது. மாசாணம் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் விடப் பெரியது இன்னொன்று இருந்தது. பயிற்சித் திட்டத்தில் ஒருவரை இரண்டு வருஷம் எடின்பரோவில் உள்ள பெரிய மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் போவதாகவும், பிப்ரவரியில் நிபுணர் குழு வந்து ஆசிபா மதிவதனியா என்று தேர்ந்தெடுக்கும் என்றும் அறிவித்தார்கள். அறிவித்த அன்றே ஆசிப் தன் எலிகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டான். "நீ போயிட்டு வா மதி. குளிர்ல நின்னுக்கிட்டே தூங்கிராதே, உறைஞ்சு போயிருவே" என்றான்.

அதற்குப் பிறகு அவள் தரையில் நடந்ததாகவே தெரியவில்லை. எடின்பரோவை அவள் பார்த்ததே இல்லை, நூலகத்தில் ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு படம்தான் பார்த்திருந்தாள். அந்த ஒரு படத்தை வைத்தே மனசுக்குள் ஊரை முழுசாகக் கட்டிவிட்டாள். கல் வீடுகள், பனி, உயரமான ஜன்னல், ஜன்னலுக்கு அருகே அவளுக்கென்று ஒரு மேஜை. வாயைத் திறந்தால் மூச்சு வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியுமாம். சின்ன வயசிலிருந்து தேடிக்கொண்டிருக்கிற பொருளைக் கண்ணாலேயே பார்க்கிற ஊர் ஒன்று இருக்கிறதே என்று நினைத்து, அந்தப் படத்தைப் பார்க்கவே திரும்பத் திரும்ப நூலகத்துக்குப் போனாள். வார்டில் நிற்கும்போதும், ரேஷன் வரிசையில் நிற்கும்போதும் அங்கே பனி பெய்துகொண்டே இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் லட்சுமணசாமி, "குழுவுக்குக் காட்ட நல்ல போட்டோவா நாலு எடுத்துட்டு வா" என்று அனுப்பினார். கேமராவோடு ஈரோட்டுக்குப் போனாள். குடோன் அதே மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் வாசல் ஓரத்தில் ராசம்மாள் இல்லை. சல்லடையில் வேறு யாரோ. சுவரில் மதிவதனியின் படம் போட்ட செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

சுப்பண்ணன் அவளுக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு விஷயத்தைச் சொன்னார். "நீங்க பேப்பர்ல சொன்னப்பறம் எனக்கு மனசே கேக்கலீங்க. உங்க லிஸ்ட்டுல நெம்பக் கொறச்சலா இருந்த பதினொரு பேரை நிறுத்திப்போட்டனுங்க. நம்ம குடோன்ல வெச்சு ஒரு உசுரு போச்சுன்னா அந்தப் பாவத்தை எங்க கொண்டு போயிக் களுவறதுங்க? மத்தவியளையும் ஒவ்வொருத்தரா நிறுத்திப்போடறனுங்க."

அந்தப் பட்டியலை அவளேதான் நல்ல எண்ணத்தில் அவரிடம் கொடுத்திருந்தாள். பாதி இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

கருங்கல்பாளையத்தில் விசாரித்து நஃபீசா வீட்டைக் கண்டுபிடித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள், ஆனால் நஃபீசா வாசலிலேயே அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்துவிட்டாள். "நம்மூட்டுக்கு டாக்டரம்மா வந்திருக்காங்க. டீத்தண்ணி குடிக்காமப் போனா ஆகாதுங்க" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். விறகு ஈரம். புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. நஃபீசா மதிவதனிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரும்பு ஊதாங்குழலை எடுத்து அடுப்புக்குள் நீட்டி, ஒரே ஊது ஊதினாள்.

சாம்பல் கூரை வரைக்கும் போயிற்று. நெருப்பு திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது.

மதிவதனி எழுந்து நின்றாள். அவள் நோட்டில் இந்தப் பெண்ணின் எண் நூற்று எழுபது. நூற்று எழுபது உள்ளவளுக்கு மாடிப்படி ஏறுவதே கஷ்டம். இப்படி ஊத முடியவே முடியாது.

"நஃபீசாக்கா, அன்னிக்கு என்னோட குழாயில ஏனுங்க இப்படி ஊதலை?"

நஃபீசா திரும்பிப் பார்த்து, கேள்வியே விளங்காதவள் மாதிரி விழித்தாள். "அதெப்படிங்க? நீங்க எதுக்கால குக்கியிருக்கறீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா ஊதி எச்சி தெறிச்சுதுன்னா? படிச்ச புள்ளைங்க நீங்க. நாங்க அப்படியெல்லாம் பண்ணுவமுங்களா?"

மதிவதனி பையிலிருந்து குழாயை எடுத்தாள். "எனக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. சுவரைப் பார்த்து ஊதுங்க. அடுப்பு ஊதற மாதிரியே" என்றாள். நஃபீசா சுவரைப் பார்த்து ஊதினாள். முள் முந்நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. நர்சுகளில் பாதிப் பேர் அந்த எண்ணைத் தொடவில்லை.

அடுத்தடுத்த வீடுகளாக இருந்த அந்த வளவில் நிறுத்தப்பட்ட பெண்கள் ஆறு பேர் இருந்தார்கள். கூப்பிட்டதும் ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சுவரைப் பார்த்து நின்று ஊத, இருநூற்றுத் தொண்ணூறு, முந்நூறு, முந்நூற்று இருபது என்று முள் ஏறிக்கொண்டே போனது. விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. யார் அதிகம் என்று சிரித்துக்கொண்டார்கள். மதிவதனியும் கூடச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கத் தன் பரிசும், கட்டுரையும், அந்த உயரமான ஜன்னலும் ஒவ்வொரு ஊதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து போவது அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாக ராசம்மாள் ஊதினாள். முள் நூற்று ஐம்பதில் நின்றது.

"அக்கா, டாக்டரம்மா அக்கட்டால திரும்பிட்டாங்க. நல்லா ஊதுக்கா" என்றாள் நஃபீசா. ராசம்மாள் இன்னொரு முறை ஊதினாள். நூற்று நாற்பது. மூன்றாவது முறை ஊதும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்தது, தோள் எலும்பு இரண்டும் மேலே ஏறின. முள் அங்கேயேதான் நின்றது. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராசம்மாள் மரியாதைக்காக மெல்ல ஊதவில்லை, அவளிடம் இருந்ததே அவ்வளவுதான் என்பது மதிவதனிக்கு மட்டும் புரிந்தது. போன வருஷம் எல்லோர் எண்ணும் குறைவாக இருந்ததால் இவளுடைய எண் அதில் தொலைந்துபோய்விட்டது. எல்லோருக்கும் நோய் என்று எழுதிய கையால், நிஜமாகவே நோயாக இருந்தவளுக்கு ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை.

"மூச்சு முட்டுதுங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. நல்லாத்தான் இருக்கறனுங்க" என்று ராசம்மாள் சிரித்தாள்.

மறுநாள் லட்சுமணசாமியைக் காருக்கும் லிஃப்டுக்கும் நடுவில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் லிஃப்டை விட்டுவிட்டார். முகம் வாடிப்போனது. அவருடைய பேரும் அந்தக் கட்டுரையில் இருந்தது. ஆனால் தணிவாகத்தான் பேசினார். "நீ பொய் சொல்லலை மதி. தெரியாம நடந்தது. இதை இப்ப சொன்னா எடின்பரோ போச்சு. மூணு வாரம் பொறு. போய்ச் சேர்ந்துட்டு, மறுபடியும் அளந்து பார்த்தோம், இப்படி வந்ததுன்னு ஒரு திருத்தம் எழுதிப் போடலாம். எல்லாரும் செய்யறதுதான்."

அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. வில்லன் மாதிரி அவர் மிரட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மூன்று வாரமும் அவள் அந்த வார்த்தையோடுதான் நடந்தாள். மாடியில் காற்று வந்தது. ஜன்னலோர மேஜை திரும்பவும் கண்ணில் தெரிந்தது. பனி பெய்தது. ஆனால் இப்போது அந்தப் பனிக்குள் ஒரு தோள் எலும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எடின்பரோ போன பிறகு திருத்தம் எழுதலாம்தான். அது அச்சாகி, யாராவது படித்து, ஈரோட்டில் ஒரு குடோன் வாசலுக்கு வந்து சேர எத்தனை மாதம் ஆகும்? அதுவரை சுவரில் அந்தச் செய்தித்தாள் ஒட்டியபடியேதான் இருக்கும்.

குழுவில் வெளியூர்க்காரர்கள் மூன்று பேர். லட்சுமணசாமி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆசிபின் முறை முடிந்ததும் இவளைக் கூப்பிட்டார்கள். முதல் ஸ்லைடில் அந்தச் சராசரிகள் விழுந்தன. நூற்றுத் தொண்ணூறு, முந்நூற்று நாற்பது. ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார்.

"இந்த எண் தப்புங்க" என்றாள் மதிவதனி.

அவள் ஊதாங்குழலில் ஆரம்பித்துச் சொன்னாள். மஞ்சள் பெண்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்றும், அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தது தன் தவறு என்றும், தானும் அதே ஊர்ப்பக்கம் வளர்ந்ததால் அது தன் கண்ணில் படவில்லை என்றும் சொன்னாள். இந்த மூன்று வாரத்துக்குள் வேலையில் இருந்தவர்களையும் நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்து அறுபத்திரண்டு பேரையும் சுவரைப் பார்க்க வைத்துத் திரும்ப அளந்திருந்தாள். புதிய சராசரி முந்நூற்றுப் பத்து. ராசம்மாளுடைய எண்ணும் இன்னொருத்தியுடைய எண்ணும் மட்டும் ஏறவே இல்லை. மஞ்சள் தூசி ஏதோ கொஞ்சம் செய்கிறது, எவ்வளவு என்று தெரிய இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்றாள்.

குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இன்றைக்கு உங்களிடம் இருப்பது என்ன?"

"ஒரு தப்பு இருக்குதுங்க. அது எப்படி வந்துதுன்னு தெரியும். அப்புறம் ரெண்டு நோயாளிங்க இருக்கறாங்க. அவங்க நிஜம்."

சாயங்காலம் முடிவு வந்தது. எடின்பரோ ஆசிபுக்கு. அவன் ஆய்வுக்கூட வாசலில் அவளுக்காகக் காத்திருந்தான். "எனக்கு வேண்டாம்னு சொல்லலாம்னுதான் போனேன் மதி. வாய் வரலை" என்றான். இருவரும் கொஞ்ச நேரம் எலிகளைப் பார்த்தபடி நின்றார்கள். எலிகளை யார் பார்த்துக்கொள்வது என்று அவன் கேட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அவளுடைய ஐந்து வருஷப் படிப்பு ஏழு வருஷமாக நீண்டது. பரிசைத் திருப்பிக் கொடுத்தாள். இனி எந்தக் கட்டுரையிலும் யோசித்துத்தான் என் பேரைப் போடுவேன் என்று லட்சுமணசாமி சொன்னார், ஆனால் கடைசி வரை அவளுக்கு வழிகாட்டியாக இருந்தார். ஓர் ஆராய்ச்சி இதழில் இரண்டே பக்கத்தில் அவள் எழுதிய குறிப்பு ஒன்று வந்தது. ஊதச் சொல்லும்போது நோயாளியைச் சுவரைப் பார்க்க வையுங்கள், அளப்பவர் எதிரே உட்காராதீர்கள் என்பதுதான் அதன் சாரம். விஞ்ஞானத்தில் அவள் சாதித்தது இதுவரை அவ்வளவுதான் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்வாள்.

குழு வந்துபோன அந்தப் பிப்ரவரியிலேயே சுப்பண்ணன் ஒன்பது பெண்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார். மீதி இரண்டு பேரை மதிவதனி கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து வார்டில் சேர்த்தாள். அதில் ஒருத்தி ராசம்மாள். உறிஞ்சுகிற மருந்து, மாத்திரை, மூச்சுப் பயிற்சி எல்லாம் ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் மதிவதனி சுற்றி வரும்போது கேட்பாள், எப்படிங்க இருக்குது என்று. தினமும் அதே பதில்தான் வந்தது. "நெம்ப நல்லாருக்குதுங்க அம்மணி. நீங்க போயி மத்தவியளைப் பாருங்க." கேஸ் ஷீட்டில் நர்சு, நோயாளி நலமாக இருப்பதாகக் கூறுகிறார் என்று எழுதிவிட்டுப் போவாள்.

ஆறாம் நாள் காலை மதிவதனி கட்டிலுக்கு எதிரே நிற்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து ராசம்மாளுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, அவள் பார்க்கிற ஜன்னலையே தானும் பார்த்தபடி உட்கார்ந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெளியே புங்க மரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழக்கத்துக்கு மாறாக மனசு எங்கேயும் போகவில்லை. பக்கத்தில் ஏறி இறங்குகிற அந்த மூச்சோடேயே இருந்தது.

"அம்மணி" என்றாள் ராசம்மாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "நல்லால்லீங்க. படுத்தா அடைக்குதுங்க. மூணு வருசமா உக்காந்துட்டேதான் தூங்கறனுங்க. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலீங்க."

மதிவதனி பேனாவை எடுத்தாள். நோயாளி நலமாக இருப்பதாகக் கூறுகிறார் என்று ஐந்து நாளாக எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே, மூன்று வருஷமாக உட்கார்ந்தே தூங்குகிறார் என்று எழுதினாள். கண்ணில் நீர் முட்டி எழுத்துக் கோணிப்போனது. ராசம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து, "பரவாயில்லீங்க அம்மணி, அழுவாதீங்க" என்று அவள் முழங்கையைத் தொட்டாள்.

"இல்லீங்கக்கா. நீங்க சொல்லுங்க" என்றாள் மதிவதனி. "இன்னும் என்னென்ன பண்ணுதோ அத்தனையும் சொல்லுங்க."

ராசம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.